கொக்கின் முறை

ஜூலியஸ் வாயைத் திறப்பதற்கு முன்பே குரல் வந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம், பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டின் கிளப் ஹால். மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஒட்டுப்பால் கொட்டகையின் புளித்த நாற்றமும், நனைந்த சட்டைகளின் வாடையும், யாரோ அணைத்த பீடியின் கருகலும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஒட்டிக்கொண்டன. மரப்பெட்டிக்குள் இருந்த கறுப்பு வெள்ளை டிவியில் 'குளத்து வீடு' ஓடிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான கார்ட்டூன்தான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் ஜூலியஸைத் தவிர எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள்.

எழுபத்து நாலில் அந்த டிவியின் ஸ்பீக்கர் எரிந்துபோனது. ஊமைப் படத்தைப் பார்த்துப் பொறுக்காமல், ரப்பர் பால் லாரி ஓட்டும் இருளப்பன் தவளைக்குத் தமிழில் பேச ஆரம்பித்தார். புல்வெட்டும் மருதம்மாள் ஆமையை எடுத்துக்கொண்டாள். இப்படி ஆளுக்கொரு மிருகம். ஸ்பீக்கரைச் சரிசெய்த பிறகும் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு அவர்களேதான் பேசினார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் சிரிக்கிற பிள்ளைகளை விளக்குமாற்றால் விரட்டுவார்கள்.

நொண்டிக் கொக்கு, மரம் சீவும் பிச்சையுடையது. பிச்சைக்குத் திக்குவாய். கடையில் ஒரு தேங்காய் கேட்பதற்குள் அவருக்கு வேர்த்துவிடும். ஆனால் திரையில் கொக்கு அலகைத் திறந்தால் போதும், திக்கலே இருக்காது. கீச்சென்று, இனிப்பாக, உள்ளே கத்தி வைத்த மாதிரி ஒரு குரல் வழுக்கிக்கொண்டு வரும். இந்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் மரம் சாய்ந்து பிச்சை செத்துப்போனார். அதற்கப்புறம் கொக்கின் முறை வந்தால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். கொக்கு பேசி முடிக்கும்வரை ஒரு சத்தமும் வராது. பிறகு தவளை பதில் சொல்லும்.

ஜூலியஸுக்கு இது தாங்கவே இல்லை. குருண் ஃபேக்டரியில் வேலை முடிந்ததும், இதற்காகவே வியாழன்தோறும் பஸ்ஸைப் பிடித்து எஸ்டேட்டுக்கு ஓடித் திரும்புகிறவன் அவன். கொக்கு பேசும் விதமெல்லாம் அவன் நாக்கு நுனியில் இருந்தது. அருமையான கொக்கு இப்படி வீணாகிறதே என்றுதான் நினைத்தான். இன்றைக்குக் கொக்கு அலகைத் திறந்தது. தலைகள் குனிந்தன. ஜூலியஸ் மூச்சை இழுத்தான்.

"தண்ணி சில்லுன்னு இருக்கு. யாரு மொதல்ல எறங்குறீங்க?"

அசல் பிச்சையின் குரல். ஆனால் அவன் உதடு இன்னும் பிரியவே இல்லை.

யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு பேசுனது?" என்றார் இருளப்பன்.

"நான்தாண்ணே. சும்மா டிரை பண்ணேன்லா."

"தலையத்தான் குனிஞ்சேன். கண்ணு ஒன் மேலதான் இருந்துச்சு. ஒன் வாயி அசையல, தம்பி."

மருதம்மாள் வெற்றிலையைச் சன்னலுக்கு வெளியே துப்பினாள். "அவனுக்கு இருந்தது அது ஒண்ணுதான்டா. அதுக்கும் ஆசப்பட்டுட்ட. இப்ப அவன் ஒன்கிட்ட எதை எடுப்பான்?"

சனிக்கிழமை ஜூலியஸுக்குக் கல்யாணம். பாடாங் செராய் மாதா கோயிலில் அகத்தாவோடு. பொம்மைப் படம் பார்க்கிற எஸ்டேட் பயலா என்று அவளுடைய அப்பா ஒரு வருஷம் இழுத்தடித்து, இப்போதுதான் இறங்கி வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டான். குருண் என்று சொல்ல ஜூலியஸ் வாயைத் திறந்தான்.

"கு... கு... கு..."

கண்டக்டர் சிரித்தான். பின்சீட்டில் யாரோ அதே மாதிரி செய்து காட்டினார்கள். ஜூலியஸின் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. வாய்க்குள் குளத்துச் சேற்றின் ருசி. ஃபேக்டரியில் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்தும் அது போகவில்லை.

சாயங்காலம் நேராக அகத்தா வீட்டுக்குப் போனான். அவளிடமாவது சொல்லிவிட வேண்டும். வாசலில் நின்று பெயரைக் கூப்பிட முயன்றபோது, வீட்டின் பின்பக்கம் யாரோ பேசுவது மழையோடு கேட்டது. வேகமாக, துள்ளலாக, ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்ததற்குத் தாவும் பேச்சு. அகத்தா சிரிப்பதும் கேட்டது. அந்தப் பேச்சை அவனுக்குத் தெரியும்.

அது அவனுடையது.

வீட்டைச் சுற்றி ஓடினான். சன்னலுக்கு வெளியே ஆள் இல்லை. வாழைக்கன்றுகள். தேங்கிய மழைத் தண்ணீர். சேற்றில் ஒரு காலடி ஆழமாக. அடுத்தது இழுத்த மாதிரி.

அகத்தா சன்னலில் எட்டிப் பார்த்தாள். "இருட்டுல மொகத்தக் காட்டாமலே பேசிட்டு இப்ப எதுக்கு முழிக்கிறீங்க? சரி, நாளைக்கு ஃபாதர்கிட்டயும் இப்படியே நல்லாப் பேசுங்க."

அவன் வாயைத் திறந்தான். திக்கல்கூட வரவில்லை.

அங்கிருந்து இருளப்பனின் லாரிக் கொட்டகைக்கு ஓடினான். கையைக் கூப்பினான், தொண்டையைக் காட்டினான், திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று உதட்டை மட்டும் அசைத்தான். இருளப்பன் டயரைத் தட்டுவதை நிறுத்தினார். தலையைக் குனிந்தார். ஜூலியஸின் வாய் மூடும்வரை குனிந்தே நின்றுவிட்டு, மறுபடி டயரைத் தட்டினார்.

சனிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. மெழுகுவர்த்திப் புகை, மல்லிகை, புதுச் சட்டையின் கஞ்சி மொடமொடப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் சேற்று வாடை. ஜூலியஸ் திரும்பிப் பார்த்தான். கடைசிப் பெஞ்சில் கிளப் ஹால் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இருளப்பனுக்கும் மருதம்மாளுக்கும் நடுவில் ஒரு இடம். காலி.

பாதிரியார் கேட்டார். "அகத்தாவை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?"

வாயைத் திறந்தான்.

ஒன்றுமில்லை.

அகத்தாவின் அப்பா தொண்டையைக் கனைத்தார். ஜூலியஸ் மறுபடி திறந்தான். காற்றுகூட வரவில்லை.

கடைசிப் பெஞ்சில் தலைகள் குனிந்தன.

அந்தக் காலி இடத்திலிருந்து குரல் வந்தது. அவன் குரல். தெளிவாக. சந்தோஷமாக.

"சம்மதம், ஃபாதர்."

அகத்தா சிரித்தாள். அவனைப் பார்த்து இல்லை. பின்னால் பார்த்து. பெஞ்சுகளுக்கு நடுவில் சிமெண்டுத் தரையில் ஈரமாக ஒரு காலடி விழுந்தது. அடுத்தது இழுத்தது. மறுபடி ஒன்று. அவள் கையை நீட்டினாள். விரல்கள் எதையோ பற்றி மடங்கின.

ஜூலியஸின் வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

பின்பெஞ்சிலிருந்து முன்பெஞ்சுவரை, ஒவ்வொரு வரிசையாக, கோயிலில் இருந்த எல்லாரும் தலையைக் குனிந்தார்கள்.