வண்டியில் ஏதோ சத்தம்

வண்டிக்கு உயிர் உண்டு. அந்த உயிரின் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவனே டிரைவர், மற்றவனெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குகிறவன். எண்ணெய் டேங்கர் ஓட்டும் அந்த மனிதர் இந்தத் தத்துவத்தை ஆள் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்வார். போன மாதம் இதையே மைத்துனனுக்கு போனில் விளக்கிக்கொண்டு, கைப்பிரேக்கை எடுக்காமல் பதினோரு கிலோமீட்டர் ஓட்டிப் பின்சக்கரத்தைப் புகைய வைத்தார். அதற்கும் மெக்கானிக்குகள்தான் காரணம் என்றார்.

ஆகவே சத்தம் முதன்முதலில் கேட்டபோது அவருக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். பட்டறையை விட்டுக் கிளம்பி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இன்ஜின் உறுமல், சக்கரங்களின் இரைச்சல், கதவிடுக்கில் விசிலடிக்கும் காற்று எல்லாவற்றுக்கும் அடியில், முதுகுக்குப் பின்னாலிருந்து, டக், டக், டக். சற்று நிதானித்து, இன்னும் தள்ளி, கடைக்கோடியிலிருந்து மெல்லிசாக, டக், டக், டக்.

"பாவிங்களா, மறுபடியுமா!" என்றார்.

ஒரே மாதத்தில் மூன்று முறை வண்டி வழியில் படுத்துவிட்டது. ஒரு தடவை கிளட்ச் தட்டைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். ஒரு தடவை ஏர் ஃபில்டருக்குள் கை துடைக்கும் துணி. இன்று காலை அதைவிட மோசம். டேங்கின் உட்புற விரிசலைப் பற்றவைக்க விட்டிருந்த வண்டி, கரண்ட் போய்ப் பட்டறை முழுக்க ஆளில்லாமல் கிடக்க, மேலே முன்னும் பின்னுமாக இருந்த இரண்டு அறைகளின் மூடிகளும் ஆவென்று திறந்தபடி வெயிலில் நின்றது. டிரைவர் இன்ஜினை ஓடவிட்டு, ஏணியில் ஏறி, பொறுப்பற்ற ஜென்மங்கள் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே இரண்டு மூடிகளையும் கவிழ்த்து, இறக்கை நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, கடைசி நட்டை உள்ளங்கையால் தட்டியும் கொடுத்தார். பொறுப்பு என்றால் அது.

சும்மாவா முதலாளி அவரைத் தேர்ந்தெடுத்தார்? இருபத்தாறு வருஷத்தில் ஒரு கேஸ் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து அவர் புது டிரைவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியாளர். ஃபேனுக்கடியில் நாற்காலி, கழுத்தில் விசில். ஒரே ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் நாற்காலி வேறொருவனுக்கு என்று முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார்.

வழியில் தென்பட்ட ஒரு பட்டறையில் நிறுத்தினார். அங்கே கம்ப்ரஸர் காதைப் பிளந்தது. பட்டறைக்காரர் டேங்கின் மேல் ஒரு திருப்புளியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, டாக்டரைப் போலக் கண்ணை மூடினார். பிறகு சுத்தியலால் ஓர் அடி வைத்தார். உள்ளிருந்து படபடவென்று பத்து அடி திரும்பி வந்தது.

"பாத்தீங்களா சார், நான் ஒண்ணு போட்டா அது பத்து போடுது. பிராக்கெட் லூசு."

"யாரோ கத்தற மாதிரி இல்ல?"

"காத்து சார். காலி டேங்குக்குள்ள காத்து பூந்தா ஆளு மாதிரிதான் பேசும். எங்க வீட்டுக்காரி மாதிரியே பேசுதுன்னு ஒருத்தர் ஓடியே போனாரு."

எதற்கும் இருக்கட்டும் என்று டேங்குக்கடியில் ஒரு ரப்பர் துண்டைச் செருகிக் கம்பியால் கட்டிவிட்டார். டிரைவர் சிரிக்க முயன்றார்.

அப்புறம் சாலை நீளமாக, நிழலே இல்லாமல் கிடந்தது. தார் இளகி டயரோடு ஒட்டிப் பிரிகிற சத்தம்; சூடேறிய பழைய எண்ணெயின் சிக்கு வாடை; கண்ணாடியில் வெள்ளையாக எரியும் டேங்கின் முதுகு. ரேடியோவை வைத்தார். டக், டக், டக். ஒலியைக் கூட்டினார். முன்னால் மூன்று, பின்னால் மூன்று. பிராக்கெட்டுக்கு எண்ணத் தெரியுமா?

போன் அடித்தது. பட்டறை மேஸ்திரி.

"டிரைவரே, நம்ம வெல்டரைக் காணோம். கரண்ட் போனதும் எங்கயோ படுத்துத் தூங்கறான்னு நெனச்சேன். வண்டி நின்ன எடத்துல செருப்பு கெடக்குது. நீங்க எடுக்கறப்ப மூடி தொறந்திருந்துச்சா?"

"மூடித்தான் இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே தெரிந்தது.

"நல்லா ஞாபகம் இருக்கா? அவன் மட்டும் இல்ல டிரைவரே, கூட..."

லைனைத் துண்டித்தார்.

வழியில் ஓர் எடைமேடை, எந்தக் காலத்திலோ இழுத்து மூடியது. அதன் தகரக் கூரைக்கடியில் பின்பாதி போகும்படி வண்டியை நிறுத்தினார். முன்பாதி வெயிலில் நின்றது. இன்ஜினை அணைத்தார். அமைதி. அந்த அமைதியில் தட்டல் இன்னும் பெரிதாக, இன்னும் பக்கத்தில்.

ஏணியில் ஏறினார். இரும்பு கையைச் சுட்டது. முன் மூடியின் நட்டைப் பிடித்தார். காலுக்கடியில் தட்டல் நின்றது. உள்ளே இருந்தவன் நிழலைக் கண்டிருக்க முடியாது. காலடிச் சத்தத்தைக் கேட்டிருப்பான்.

"யாரு? யாருங்க மேல? தொறங்க சார்... சார்..."

திறந்தால் அவன் வெளியே வருவான். வந்தால் பேசுவான். வண்டியை எடுத்தவர் யார் என்று கேட்பார்கள். மூடித்தான் இருந்தது என்று சொன்னவர் யார் என்றும் கேட்பார்கள். விசில். நாற்காலி. ஃபேன்.

பதற்றத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. பாதுகாப்பின் முதல் விதியே அதுதான். அந்தப் பாடத்தைத் திங்கட்கிழமை அவரே நடத்தப் போகிறார். டிரைவர் சத்தமில்லாமல் இறங்கி, கூரையின் நிழலில் உட்கார்ந்தார்.

மணி பன்னிரண்டே கால்.

தட்டல். கதறல். தட்டல்.

ஒரு மணி. கதறல் இல்லை.

ஒன்றரை. முன்னாலிருந்து ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

அப்புறம் இல்லை.

மேலும் அரைமணி நேரம் விட்டார். பிறகு ஏறினார். நட்டுகளைச் சுழற்றி மூடியைத் தூக்கியதும் அனல் முகத்தில் அறைந்தது. வெளிச்சம் வட்டமாகக் கீழே விழுந்தது. வெல்டர் மூடிக்கு நேர்கீழே இல்லை. ஏறித் தப்பிக்கப் பார்த்த அடையாளமும் இல்லை. இரண்டு அறைகளுக்கும் நடுவே இருந்த தடுப்புச் சுவரோடு ஒட்டிக் கிடந்தான். காதைச் சுவரில் வைத்திருந்தான். முஷ்டி சுவரில் பட்டபடி விறைத்திருந்தது.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து, டக், டக், டக்.



"அண்ணா." கரகரத்த, வறண்ட குரல். "அண்ணா, ஏன் நிறுத்திட்ட? தூங்கிடாத. நான் மூணு, நீ மூணு. நீதான சொன்ன? தட்டுண்ணா."

சாலையில் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் வரும் ஒலி.

"அண்ணா!" குரல் உயர்ந்தது. "அண்ணா!"

மோட்டார் சைக்கிள் நெருங்கியது.

டிரைவர் குப்புறப் படுத்தார். சுடும் இரும்பின் மேல் விரலை மடக்கி, மெதுவாக, இடைவெளி விட்டு, மூன்று முறை தட்டினார்.

உள்ளே ஒரு விசும்பல், சிரிப்பு போல. அப்புறம் கீழ்ப்படிந்த குழந்தை மாதிரி மூன்று தட்டல்கள். மோட்டார் சைக்கிள் கடந்து போயிற்று.

முன் மூடியை மூடி, நட்டுகளை இறுக்கினார். இறங்கி வந்து இன்ஜினைக் கிளப்பினார். வண்டி பதினைந்து அடி முன்னால் நகர்ந்தது. டேங்கின் பின்பாதியும் வெயிலுக்கு வந்தது. அணைத்துவிட்டு, காலியான நிழலில் போய் உட்கார்ந்தார்.

டக், டக், டக்.

கையில் கிடைத்த ஒரு கல்லால் டேங்கின் பின்புறத்தில் தட்டிப் பதில் கொடுத்தார்.

மணி இரண்டு இருபது. அவருக்கு நன்றாகப் பசித்தது.