மூடியைக் கழற்றியது யார்?

நாரின் மாகாணம் முழுவதிலும் மூடநம்பிக்கை துளிகூட இல்லாத ஒரே மனிதர், கம்பளி ஆலை மேலாளர் தாலாய்பெக். இதில் ஐயத்துக்கே இடமில்லை. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த ஆலையில்தான் போன வாரம் தொழிலாளி மிர்லானின் வலது கை போனது. கம்பளியைச் சிக்கெடுக்கும் இயந்திரத்தின் முள் உருளைகள் இழுத்துக்கொண்டன. உருளைகளை மறைத்திருக்க வேண்டிய இரும்பு மூடி தரையில் கிடந்தது.

கழற்றியது மிர்லான் என்றால் நஷ்டஈடு கிடையாது. ஆலை என்றால், செயற்கைக் கையும் இந்தக் குளிர்காலத்துக்கு நிலக்கரியும் உண்டு.

காலை பத்து மணி. தொழிலாளர் துறை ஆய்வாளர் சைராகுல் உள்ளே வந்தார். குதிரைச் சந்தையில் பல் பார்ப்பவர் மாதிரி இயந்திரத்தைச் சுற்றினார். பளபளவென்று இருந்தது.

"யார் துடைச்சது?"

"நானேதான்க்கா," என்றார் தாலாய்பெக். "ரத்தம் கிடந்துச்சு. அப்படியே விட முடியுமா?"

"அதுக்கப்புறம் வேற யாராவது உள்ள வந்தாங்களா?"

"சாவி ஒண்ணுதான். அது என் பையில. ஈ கூட வரல."

"மூடி?"

"விபத்துக்கு முந்தின நாள் நான் பூட்டறப்ப மாட்டித்தான் இருந்துச்சு. காலைல நான் திறந்ததும் முதல்ல வந்தவன் இவன். கழட்டிப் போட்டிருக்கான். சீக்கிரம் முடிச்சுட்டு ஊர் சுத்தணுமே!"

கட்டுப்போட்ட மொட்டைக் கையை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற மிர்லான் பதறினான். "அண்ணே, வசந்தகாலத்துலேருந்தே மூடி கிடையாதேண்ணே! கம்பளி அடைச்சா மெஷினை நிறுத்தாம கையால எடுன்னு நீங்கதானே..."

"சாட்சி இருக்கா?"

இல்லை. சக தொழிலாளிகள் அத்தனை பேருக்கும் திடீர் ஞாபகமறதி. வேலை போய்விடும் என்றால் வருகிற வகை.

சைராகுல் குனிந்தார். உருளைகளுக்கு மேலே, சட்டத்தின் விளிம்பில், ஒரு ரொட்டித் துண்டு. கல்லாய்க் காய்ந்திருந்தது.

"இது?"

"தரையில கிடந்துச்சுக்கா," என்றான் மிர்லான். "மிதிபடக் கூடாதேன்னு நான்தான் உயரத்துல வெச்சேன். ரொம்ப நாளாச்சு."

தாலாய்பெக் சிரித்தார். "ரொட்டி விழுந்தா முத்தம் கொடுத்து மேல வைக்கிற கூட்டம்! மாவும் தண்ணியும்க்கா அது. இவங்கள வெச்சு ஆலை நடத்தறேன் பாருங்க."

"அந்த மூடிய மாட்டுங்க, பாப்போம்."

மாட்டினார். ரொட்டியில் இடித்து நின்றது. இன்னொரு முறை அழுத்தினார். மூடவில்லை.

"ரொட்டி இருந்த வரைக்கும் மூடி இல்ல," என்றார் சைராகுல்.

"அன்னிக்குக் காலையில வெச்சிருப்பான்!"

சைராகுல் ரொட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெடிப்புகளின் ஆழத்தில் பழுப்பு இழைகள். அதன்மேல் வெள்ளை இழைகள். கொட்டகையில் அடுக்கியிருந்த மூட்டைகளோ எல்லாமே வெள்ளை.

"பழுப்புக் கம்பளி எப்ப ஓடுச்சு?"

மேலாளருக்கும் ஞாபகமறதி தொற்றிக்கொண்டது.

"வசந்தகாலத்துல," என்றான் மிர்லான்.

"மூடியக் கழட்டினது நீங்க, தாலாய்பெக். கை போனதும் எங்கேருந்தோ தேடி எடுத்துத் தரையில போட்டதும் நீங்க. அப்புறம் இத்தனை மாசத் தூசியையும் துடைச்சீங்க. ரொட்டி இருந்த இடத்தப் பாருங்க. அதுவும் பளபளங்குது. தூக்கித் துடைச்சுட்டு, திரும்ப அங்கேயே வெச்சிருக்கீங்க."

"நானா?" தாலாய்பெக்கின் காது சிவந்தது. "நான் என்ன இவனாட்டம் பட்டிக்காடா? கண்ணுல பட்டிருந்தா நேரா குப்பைதான்!"

"அப்ப போடுங்க." ரொட்டியை அவர் கையில் கொடுத்தார். "போட்டுட்டா மிர்லான் மேலதான் தப்புன்னு எழுதிட்டுக் கிளம்பறேன்."

"அக்கா!" என்றான் மிர்லான். சைராகுல் திரும்பவில்லை.

தாலாய்பெக் குப்பைத் தொட்டிவரை விறைப்பாக நடந்தார். உள்ளே கறைபடிந்த துணிகள், சிகரெட் துண்டுகள், எச்சில். கையை நீட்டினார். விரல்கள் திறக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். மறுபடி நீட்டினார்.

மிர்லான் ஓரடி முன்னால் வந்தான்.

தாலாய்பெக் இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ரொட்டியை உதட்டில் தொட்டார். நெற்றியில் ஒற்றினார். பிறகு குதிகாலை உயர்த்தி, எட்டுகிற மட்டும் எட்டி, ஜன்னலின் மேல்விளிம்பில் சத்தமில்லாமல் வைத்தார்.