சிவப்பு விளக்கில் மட்டும் கொதிக்கும் பிளைமவுத்

எவேலியோவின் பிளைமவுத் கார் தெருமுனையில் வந்து நிற்பதற்கு முன்பே அதன் ஆவி நியேவெஸ் அம்மாளின் வீட்டுக்குள் வந்துவிட்டது. போன வாரம் அந்த வாடகைக் காரில் உயிருள்ள கோழியோடு ஏறிய ஒருவர், ரெய்னா தெரு நெரிசலைத் தாண்டியதும் கோழி சூப்போடு இறங்கினார் என்று ஹவானாவில் பேச்சு. அதெல்லாம் மிகைதான். சூப்பில் உப்பே இல்லை என்று அவரே சொன்னார்.

நியேவெஸ் அம்மாள் போக்குவரத்துப் போலீசில் விபத்துகளை விசாரித்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். எதிர்வீட்டு முடிதிருத்துபவர் ஃபெர்மீன், தன்னை அவருக்கு உதவியாளராகத் தானே நியமித்துக்கொண்டவர். தெருவில் ஒரு கொலையாவது நடக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

“இன்ஸ்பெக்டரம்மா, என் காரை ஒருத்தன் கொஞ்சம் கொஞ்சமா சாகடிக்கிறான்,” என்றார் எவேலியோ.

“அப்பாடா!” என்றார் ஃபெர்மீன்.

“யாரு?” என்று கேட்டு, நியேவெஸ் காபியைக் கலக்கினார்.

“என் மகளைக் கட்டினவன்தான். யாதியெர். பழைய இஞ்சின் போனதும் அந்தப் பயதான் ஒரு டீசல் இஞ்சினையும் கரண்ட்ல சுத்தற ரஷ்யக்கார் ஃபேனையும் கொண்டுவந்து மாட்டினான். நல்லாத்தான் ஓடிச்சு. அப்புறம் ஒருநாள், ‘மாமா, வண்டியை எனக்குக் கொடுத்துடுங்க’ன்னான். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். மறுநாள்லேர்ந்து கொதிக்குது! இன்னிக்கு அவனை வீட்டை விட்டு அனுப்பப்போறேன். மைலீனும் கூடவே போவேங்கறா, வயித்துல பிள்ளையோட. அதுக்கு முன்னாடி நீங்க ஆதாரம் காட்டணும்.”

“எங்கெல்லாம் கொதிக்குது?”

“கடற்கரைச் சாலையில பறந்தா பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு. சிக்னல்ல நின்னா வெந்நீர்.”

ஃபெர்மீன் நாற்காலியை விட்டு எழுந்தார். “தண்ணி போற வால்வை அடைச்சிருக்கான்!”

“வால்வு அடைச்சா கடற்கரையிலயும் கொதிக்கும், ஃபெர்மீன். ஓடும்போது காத்து தானா வருது. நிக்கும்போது ஃபேன்தான் இழுக்கணும்.”

“ஃபேன் சுத்துது. என் கண்ணால பார்த்தேன்.” எவேலியோவின் குரல் தாழ்ந்தது. “அதான் பயமா இருக்கு. அவன் இஞ்சினைக் கொதிக்கவிட்டதோட நிறுத்தல. சண்டைக்கு மறுநாள்தான் நான் புது பேட்டரி போட்டேன், அன்னிக்கே ரேடியோவும் ஊமையாயிடுச்சு. கரண்ட்டையும் திருடறான். வேகம் எடுத்தா சார்ஜ் முள்ளு மைனஸ் பக்கம் சாயுது.”

“காலையில ஸ்டார்ட் ஆகுதா?”

“தொட்டாப் போதும்.”

“தினம் திருடு போற பேட்டரி, தொட்டாப் போதுமா?” என்ற நியேவெஸ் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். “வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

எவேலியோ வீட்டு வாசலில் யாதியெர் பெட்டியோடு நின்றான். மைலீன் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். மாமனாரும் மருமகனும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள், ஏதோ ஒளித்துவைத்திருப்பது போல.

“திருடனைப் பிடிக்க ஆள் கூட்டிட்டு வந்தீங்களாப்பா?” என்றாள் மைலீன். “பிடிச்சாச்சுன்னா சொல்லுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

நியேவெஸ் இஞ்சினை ஓடவிடச் சொன்னார். சூடேறியதும் ஃபேன் உறுமியது. ஃபெர்மீன் வறுத்த கடலையைத் தின்றுமுடித்த காகிதக் கூம்பு அவர் கையில் இருந்தது.

“அதைக் கார் மூக்குல, அந்தக் கம்பிகளுக்கு முன்னாடி பிடிச்சு, கையை விடுங்க. ஃபேன் காத்தை உள்ளே இழுத்தா காகிதம் கம்பியில ஒட்டிக்கணும்.”

ஃபெர்மீன் விட்டார். காகிதம் எகிறி அவர் மூக்கிலேயே அறைந்தது. அடுத்து வந்த சூடான காற்றில் அவர் மீசை ஒருபக்கம் சுருண்டது. அன்றைக்கு அவர் கடையில் இரண்டு பேர் அதே மாதிரி சுருட்டிவிடச் சொன்னார்களாம்.

“ஃபேன் தலைகீழாச் சுத்துது,” என்றார் நியேவெஸ். “இஞ்சின் சூட்டை எடுத்து ரேடியேட்டர் வழியா முன்னாடி தள்ளுது. ஓடும்போது எதிர்காத்து அதை ஜெயிச்சுடுது. நின்னா ஃபேன் ஜெயிக்குது.”

“பார்த்தீங்களா! ஒயரை மாத்தியிருக்கான்!” எவேலியோ கையை ஓங்கினார்.

“ஃபேன் ஒயரை மாத்தினவன் எதுக்கு ரேடியோவைக் கொல்லணும்? முள்ளை எதுக்குத் திருப்பணும்? மூணும் ஒரே நாள்ல தலைகீழாப் போச்சு. மூணுக்கும் சோறு போடறது ஒண்ணுதான். எவேலியோ, புது பேட்டரியில எந்தக் கம்பியை பாடியில மாட்டினீங்க?”

“பிளஸ்ஸைத்தான். இதுல என்ன சந்தேகம்? கார் செஞ்ச நாள்லேர்ந்து பிளஸ்தான் எர்த்து. அமெரிக்கக்காரனே அப்படித்தான் மாட்டி அனுப்பினான்!”

யாதியெர் முதல்முறையாக வாய்திறந்தான். “மாமா, டீசல் இஞ்சின் போட்டப்பவே மைனஸை எர்த்தா மாத்திட்டேன். அந்த ஃபேனுக்கு அப்படித்தான் வேணும். சொல்ல வந்தேன். பேசாதேன்னுட்டீங்க.”

“அப்ப வண்டி எப்படி ஓடிச்சு?” என்றார் ஃபெர்மீன், மீசையை நீவியபடி.

“ஸ்டார்ட்டருக்கும் விளக்குக்கும் எந்தப் பக்கம்னு அக்கறையில்லை,” என்றார் நியேவெஸ். “ டீசலுக்குத் தீப்பொறியே வேணாம். பழைய டைனமோ, பேட்டரி எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே சார்ஜ் பண்ணிடும். ஃபேனும் ரேடியோவும் முள்ளும்தான் திசை பார்க்கறவங்க.”

“அப்போ குற்றவாளி...?”

“புகார் கொடுத்தவர்.”

எவேலியோ முதலில் பேட்டரி விற்றவனைச் சந்தேகப்பட்டார். பிறகு ரஷ்யர்களை. பிறகு கம்பிகளின் நிறத்தை. சந்தேகப்பட வேறு ஆள் கிடைக்காமல் கடைசியில் மகளைப் பார்த்தார். அவள் பெட்டியிலிருந்து எழுந்து அதன் கைப்பிடியைப் பிடித்தாள்.

“எங்கடி கிளம்பற?”

“நீங்கதானேப்பா அனுப்பறீங்க.”

எவேலியோ கார் சாவியை யாதியெரின் சட்டைப்பையில் திணித்தார்.

கம்பிகளை மாற்றிய பிறகு எல்லோருமாக ரெய்னா தெருவுக்குப் போனார்கள். நெரிசலின் நடுவே, சிவப்பு விளக்கில், சூட்டு முள் அசையாமல் படுத்திருந்தது. பச்சை விழுந்தும் யாதியெர் கியர் தேடித் தடுமாற, பின்னால் ஒரு லாரி ஹாரனை அலறவிட்டது.

எவேலியோ ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை நீண்டார்.

“எதுக்குய்யா கத்தற? எங்க மாப்பிள்ளை ஓட்டறாரு, தெரியலையா?”