ஈரம் காயாத வரி

அன்று பிற்பகல் அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கதவோரம் அதிகாரி, மடியில் ரேடியோவுடன். ஜன்னலடியில் கெட்டில்காரர், சந்தேகத்துக்குரியவர்களின் கடித உறைகளை ஆவியில் காட்டித் திறப்பது அவர் வேலை. சுவரைப் பார்த்த மேஜையில் ஒட்டுக்காரர். ஆவி பட்டு மை கலைந்த வரிகளை, எழுதியவரின் கையெழுத்திலேயே மறுபடி எழுதி, பசை தடவி மூடுவது அவர் பொறுப்பு. அவருக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் யாரும் இல்லை.

ரேடியோவில் வாக்கு எண்ணிக்கை. ஆட்சி மாறுவது உறுதியாகிவிட்டது. தடுத்து வைத்த கடிதங்களையெல்லாம் ஒட்டி இன்றைய பையிலேயே அனுப்பிவிடச் சொல்லி மேலிருந்து உத்தரவு. புதியவர்கள் வரும்போது அறை துடைத்துவிட்டாற்போல் இருக்க வேண்டும்.

"இனிமே நம்ம கடிதாசிய யாரு பிரிக்கப்போறாங்களோ!" என்றார் கெட்டில்காரர்.

"உங்க கடிதாசில என்ன இருக்கு? மூட்டுவலியும் மருமகளும்தானே," என்றார் அதிகாரி.

ஒட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் மகன் வேறு ஊரில், தோற்றுக்கொண்டிருந்த கட்சியின் ஆபீசில் இருந்தான். எதிர்க்கட்சி ஆட்கள் அவனைத் தேடுகிறார்கள், வீட்டு வாசலிலேயே பிடிப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் காலையில் காதோடு சொல்லிப் போயிருந்தார். "வராதேன்னு எழுதுங்க. உங்க எழுத்துன்னாத்தான் நம்புவான்," என்று மனைவி அழுதாள். இந்த அறையிலிருந்து போகும் பையை மட்டும் வழியில் எவரும் பிரிப்பதில்லை.

கடிதக் கட்டிலிருந்து முதல் கடிதத்தை எடுத்தார். பார்த்ததுமே தெரிந்தது. ஒரு தாய் தன் மகனுக்கு, உருண்டையாக, இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் எழுதியது. அவனைப் பிடித்தபோது சட்டைப்பையில் கிடைத்து, இந்த அறைக்கே திரும்பி வந்தது. 'தெருமுனையில் புதிதாக இரண்டு பேர் நிற்கிறார்கள். ரொட்டிக் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தேர்தல் வந்தால் எல்லாம் மாறும் என்கிறார்கள், அதுவரை யார் இருப்போமோ.' கடைசி வரி, முதலில் பிரித்த அன்றே, ஆவியில் கரைந்துவிட்டது. தாய்மார் கடிதங்கள் எப்படி முடியும் என்று அவருக்கு மனப்பாடம். வழக்கம்போல் எழுதிவிட்டார்: 'கண்ணா, சீக்கிரம் வந்து சேர்.'

அவன் வந்தான், பிடிபட்டான். 'வராதே என்றுதானே எழுதினேன்' என்று அந்தத் தாய் தன் தங்கைக்கு எழுதிய கடிதமும், தைல வாசனையோடு, இதே மேஜைக்கு வந்தது. அவளிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் அது. படித்தார். கட்டுக்கு அடியில் வைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு வருடம். இப்போது அந்தக் கடைசி வரியை விரல் தொட்டது. மை ஒட்டியது. ஈரம்.

கைக்குட்டையால் துடைத்தார்; போகவில்லை. கெட்டில் அடங்கியிருந்தது, ரேடியோவும் தூரத்தில் எங்கோ பேசுவதுபோல் கம்மியிருந்தது, அந்த அமைதிக்குள் பின்னால் நாற்காலி மெல்ல முனகியது. தைல வாசனை. நனைந்த கம்பளியின் வாசனை. அப்புறம் ஒரு சத்தம், வறண்ட நாக்கு உறையின் பசை விளிம்பை நிதானமாக நக்கும் சத்தம்.

அவர் திரும்பவில்லை.

"பைக்காரன் வந்தாச்சு, சீக்கிரம்!" என்றார் அதிகாரி.

தாளை இழுத்து மகனுக்கு எழுதினார். 'உன் அம்மா நலம். வீட்டுப் பக்கம்' என்று வந்தபோது கழுத்தில் ஒரு மூச்சு பட்டது. கிழ மூச்சு. பேனா நிற்கவில்லை. எழுத்து உருண்டது, நடுங்கியது, இடப்பக்கம் சாய்ந்தது.

'கண்ணா, சீக்கிரம் வந்து சேர்.'

அந்த வரியை அடித்துவிடப் பார்த்தார். கை தாளை மடித்தது. உறையில் இட்டது. பசையும் தூரிகையும் முன்னால் இருந்தன. ஆனால் உறை வாய்க்கு வந்தது. நக்கினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"மகனுக்கா? கொடுங்க, கொடுங்க." அதிகாரி வாங்கிப் பைக்குள் போட்டார்.

வேண்டாம். வாய் திறக்கவில்லை. எழ முடியவில்லை. தோள்களில் எடை.

"என்ன சார், முழிக்கிறீங்க? பிள்ளைக்குத் தகவல் போய்ச் சேர்ந்துரும்," என்றார் கெட்டில்காரர்.

கயிறு இறுகியது. அரக்கு சொட்டியது. முத்திரை விழுந்தது. பை கதவைத் தாண்டிப் போனது.

மேஜையில் அவருடைய வலக்கை, பேனா இல்லாமல், உருண்டையான எழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தது. மரத்தில் ஈர வரிகள். வந்து சேர். வந்து சேர்.