இரண்டாம் சோதனை

சயோவின் இடது கட்டைவிரல் மறுபடியும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. ஹிராய்வா அதை இரண்டு தடவை பிரித்து வைத்திருந்தான். சவ ஊர்தி கடந்து போனால் பெற்றவர்களுக்கு ஆகாது என்று கட்டைவிரலை மறைத்துக்கொள்வாள் அவன் மனைவி. முப்பத்தொரு வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"தண்டுவடம் தானா செய்யறதுங்க. மூளைக்குச் சம்பந்தமில்ல," என்றார் டாக்டர், விரலைப் பார்க்காமலே.

மூளைச்சாவை உறுதி செய்யும் முதல் சோதனை காலையில் முடிந்துவிட்டது. ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது. அது முடிகிற நிமிடம்தான் அவள் இறந்த நேரம். உறுப்புகளைத் தருவதாக ஓட்டுநர் உரிமத்தின் பின்னால் அவளே வட்டமிட்டிருந்தாள். சம்மதப் படிவத்தில் அவன் கையெழுத்திட்டிருந்தான். வேண்டாமென்றுவிட்டால் சோதனை நடக்காது. ஜப்பானியச் சட்டப்படி அவள் இறந்தவளும் ஆகமாட்டாள்.

"நாலு வருஷம் குடும்பம் நடத்துனீங்க, மாப்ளே. கையெழுத்துக்கு நாலு நிமிஷம்தான் ஆச்சு," என்றான் அவள் அண்ணன் கான்தா.

உறுப்பு தான ஒருங்கிணைப்பாளராக வந்திருந்த சவாத்தாரி சூடான தேநீர்ப் புட்டியை ஹிராய்வாவின் கையில் வைத்தாள். "எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லலாம், ஹிராய்வா சான். ஒரு வார்த்தை போதும்."

இவ்வளவு கனிவு எதற்கு? பேசும்போதெல்லாம் அவள் கண் ஏன் கடிகாரத்துக்குப் போகிறது?

மூன்று மணிக்குக் கண்ணில் விளக்கடித்தார்கள், காதில் குளிர்நீர் விட்டார்கள், கடைசியில், தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்க, மூச்சுக் கருவியைக் கழற்றினார்கள். மூன்று நாளாகக் காதில் ஓடிய அந்தச் சத்தம் நின்றதும் ஜன்னல் மழையும், மருந்து நெடியும், யாரோ எச்சில் விழுங்குவதும் தனித்தனியாக அவனை வந்தடைந்தன. எல்லோரும் அவள் மார்பையே பார்த்தார்கள். அவள் இழுக்கும்வரை தானும் இழுப்பதில்லை என்று அவன் மூச்சை அடக்கினான்.

ஒரு நிமிடம். மூன்று.

ஐந்தாவது நிமிடத்தில் கட்டைவிரல் மடங்கியது. மெல்ல.

"நிறுத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க," என்று கிசுகிசுத்தாள் சவாத்தாரி.

வாயைத் திறந்தான். வேண்டாம். சத்தம் வரவில்லை. சத்தத்துக்குக் காற்று வேண்டும். அவன் இன்னும் மூச்சே இழுக்கவில்லை. மூச்சு முட்டவும் இல்லை.

சவாத்தாரி சற்றுக் காத்திருந்துவிட்டுத் தலைகுனிந்தாள். டாக்டர் நேரத்தைச் சொன்னார். எல்லோரும் குனிந்தார்கள்.

கருவியை மாட்டினார்கள். சயோவின் மார்பு உயர்ந்தது.

அவனுடையதும்.

தாழ்ந்தது. அவனுடையதும்.

"நாளைக்குக் காலையில ஆபரேஷன். அதுவரைக்கும் மெஷின் ஓடட்டும்," என்றார் டாக்டர்.

நர்ஸ் கருவியின் குமிழைத் திருகி வேகத்தைக் குறைத்தாள். குனிந்த தலைகளுக்கு நடுவே, திறந்த வாயோடு, அடுத்த மூச்சுக்காகக் கருவியைப் பார்த்தபடி நின்றான் ஹிராய்வா.