பதினெட்டாம் அத்தியாயத்துச் சிநேகிதன்

"என் கதையை யாரோ மாத்துறாங்க, பாய். இல்லைன்னா எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

இலுப்பூரில் ஷேக் பரீதின் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஆத்மநாதன் இப்படித்தான் ஆரம்பித்தார். போஸ்ட்மாஸ்டராக இருந்தவர், மூன்று வருஷமாகக் கண் தெரியாது. அவரையும் கையெழுத்துப் பிரதியையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான், சைக்கிள் கடைக்காரன் பிச்சைமுத்து. துப்பு என்றால் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவருகிறவன். பரீது, சமஸ்தானம் இருந்தவரை போலீசில் ஏட்டு.

"யாரு எழுதுறா?" என்று கேட்டார் பரீது.

"நான் சொல்லச் சொல்ல நாகராசு எழுதுறான். அன்னவாசல் பள்ளிக்கூடத்து வாத்தியார். சின்ன வயசிலேருந்து சிநேகம். கண்ணு போன பிறகு என் கையைப் பிடிச்சு நடத்துறதே அவன்தான்."

நாவல் பதினெட்டாம் அத்தியாயத்தில் நின்றுபோயிருந்தது. நிச்சயமான கல்யாணம் நின்றுபோகிற இடம். மாப்பிள்ளையின் சிநேகிதன் அன்னவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, புளியமரத்தடியில் பெண்ணின் அப்பாவிடம், மாப்பிள்ளைக்குக் காக்காய்வலிப்பு என்று பொய் சொல்கிறான். ஆத்மநாதன் சொன்னது அப்படி. மறுநாள் நாகராசு படித்துக் காட்டும்போது சிநேகிதனைக் காணோம். யாரோ வழிப்போக்கன் சொல்லிவிட்டுப் போகிறான். திரும்பச் சொன்னாலும் அதே கதி.

"'நீ சொன்னதைத்தான் எழுதினேன், ஒனக்கு ஞாபகம் தப்புது, நாவலை விட்டுரு'ங்கிறான். அதுக்கப்புறம் வாயைத் திறக்கவே பயமா இருக்கு, பாய்."

"சொந்தக் கதையா?"

"கல்யாணம் நின்னது என் கதை. சொர்ணவல்லின்னு பேரு. பொய் சொன்னது யாருன்னு இன்னைக்கும் தெரியாது. நாவலுக்கு ஒருத்தன் வேணுமேன்னு சிநேகிதனை வச்சேன்."

பரீது அந்த அத்தியாயத்தை நிதானமாகப் படித்தார். பிறகு ஒரு வரியை உரக்க வாசித்தார்: "'பச்சை வர்ணம் அடித்த கொட்டகையின் நிழலில் பெண்ணின் தந்தை நின்றிருந்தார்.' அன்னவாசலுக்குக் கடைசியா எப்பப் போனீங்க?"

"கல்யாணம் நின்ன பிறகு அந்த மண்ணையே மிதிக்கலை. கொட்டகையா? சிநேகிதனைக் காணோமேங்கிற பதற்றத்துல அது காதுலயே விழலை. அங்க ஏது கொட்டகை?"

பிச்சைமுத்து துள்ளினான். "போன வருசம் புளியமரத்தை வெட்டிட்டு பஸ்ஸுக்கு நிக்கக் கொட்டகை கட்டினாங்களே! பச்சைதான் பாய், பளபளன்னு!"

பரீது காகிதங்களை மடித்தார். "உங்க புத்திக்கு ஒன்னுமில்லை, ஐயா. நாளைக்கு வாத்தியாரை உங்க வீட்டுக்கு வரச்சொல்லுங்க, நானும் வர்றேன்."

மறுநாள் ஆத்மநாதனின் வீட்டில் நால்வரும் உட்கார்ந்தார்கள். பரீது சுற்றி வளைக்கவில்லை.

"இந்த அத்தியாயம் முழுக்க இவரு சொன்னதுதானா, வாத்தியாரே?"

"அவன் சொன்னதுதான்."

"பச்சைக் கொட்டகை கூடவா? இவருக்குக் கண்ணு போய் மூணு வருசம். கொட்டகை கட்டி ஒரு வருசம். தினமும் அதுக்குக் கீழே பஸ்ஸுக்கு நிக்கிறது நீங்க."

நாகராசு பிரதியை இழுத்து அந்த வரியைத் தேடினார். பரீது விடவில்லை.

"பதினேழு அத்தியாயத்துல ஒரு குறை இவரு சொல்லலை. சிநேகிதன் பொய் சொல்ற இடத்துல மட்டும் உங்க பேனா ஏன் தடுமாறணும்? இவரு கதைன்னு சொன்னாரு. உங்க காதுல அது குற்றப்பத்திரிகையா விழுந்திருக்கு."

ஆத்மநாதன் நாகராசு இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நாகராசு, சும்மா ஒரு பேருக்குத்தான்டா சிநேகிதனை வச்சேன். ஒன்னை நெனைச்சே பார்க்கலை."

நாகராசு பிரதியை மூடி வைத்தார். "சொர்ணவல்லியை நானும் பொண்ணு கேட்டேன், ஆத்மா. எனக்கு இல்லைன்னுட்டு ஒனக்குக் குடுத்தாங்க. பொறுக்கலை."

அன்று பெண் வீட்டார் மறுத்த சேதி வந்தபோது, இதே நாகராசுவின் தோளில்தான் ஆத்மநாதன் முகம் புதைத்து அழுதார். அந்தத் தோள் ஆடாமல் அசையாமல் நின்றது இப்போது அவர் நினைவுக்கு வந்தது.

பிச்சைமுத்து எழுந்தான். "நான் எழுதுறேன், ஐயா. இவரைப் போகச் சொல்லுங்க."

"இல்லை. இவனே எழுதட்டும்."

ஆத்மநாதன் சொல்லத் தொடங்கினார். எங்கும் தடங்கவில்லை. சிநேகிதன் பஸ்ஸை விட்டு இறங்கினான், பொய் சொன்னான், மணமகனின் வீட்டுக்கே வந்து ஆறுதலும் சொன்னான். நடுவில் ஒருமுறை பேனா நின்றது. "எழுது" என்றார் ஆத்மநாதன். மறுபடி ஓடியது. பொழுது சாயும் வேளையில் 'முற்றும்' என்று சொல்லி முடித்தார்.

"நாளைக்கு வரட்டா, ஆத்மா?"

"எதுக்கு?"

செருப்புச் சத்தம் தெருவில் இறங்கி மறைந்தது. அன்று எழுதியதைப் பிச்சைமுத்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினான். ஒரு சொல்கூட மாறியிருக்கவில்லை. கடைசிவரை கேட்ட ஆத்மநாதன், பாயை விரிக்கச் சொல்லி, சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.