நிறுத்தி வைத்த ஆட்டம்

அந்த வீட்டுக்கு நாங்கள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். பழைய வீடியோ கேம் ஒன்று கிடைக்கிறதென்றால் அவருக்குக் கால் தரையில் பாவாது.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. கடையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "கேசட்" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் பீரோவுக்குள் என் துணிக்கு ஒரு தட்டு, மீதி எல்லாத் தட்டிலும் பழைய கேம் கேசட்டுகள். குழந்தை மாதிரி ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து, வாயால் ஊதி வைப்பார்.

"இப்ப வர்ற கேம்ல எல்லாம் என்ன இருக்கு? சாவே கிடையாது" என்பார். "அந்தக் காலத்துல மூணே உயிர். போச்சுன்னா போச்சு, திரும்ப முதல்ல இருந்து. கை வேர்க்கும் பாரு, அந்தப் பயம்தான் ஆட்டமே."

ஆனால் அவர் விளையாடுவது என்னவோ கம்ப்யூட்டரில்தான். எமுலேட்டர் என்று ஒன்று வைத்திருந்தார். பழைய கேம் பெட்டியைப் போலவே கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் வித்தை. அதில் ஒரு வசதி: ஆட்டத்தின் எந்த நொடியையும் அப்படியே உறைய வைத்துச் சேமித்துக்கொள்ளலாம். செத்தால் அந்த நொடிக்கே திரும்பி வரலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும்.

"அப்ப அந்தப் பயம் எங்கே போச்சு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு எதுக்குப் பயம்? சாகிறது பொம்மைதானே" என்று சிரித்தார்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வீடு முழுக்கக் கட்டி வைத்த அட்டைப் பெட்டிகள். மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். கடைசி அறையைத் திறந்தார். திரைச்சீலை மூடியிருந்தது. பகலிலும் இருட்டு. நாள்பட்டுச் சூடேறிய பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்தது.

மூலையில் ஒரு பழைய குண்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு குட்டி மனிதன் முள் பள்ளத்தின் மேல் தாவுகிறான். தாவியபடியே அந்தரத்தில் நிற்கிறான். டிவியிலிருந்து மெல்லிய ரீங்காரம்.

"என் பையன் விளையாடிட்டிருந்தது" என்றார் அந்த அம்மா. "காலேஜ் சேர்ந்த வருஷம். பாதியில நிறுத்திட்டு, 'அம்மா, ஆஃப் பண்ணிடாதே, இன்னும் ஒரு கதவுதான், வந்து முடிக்கிறேன்'னு பாத்ரூம் போனான். வலிப்பு வந்து அங்கேயே விழுந்துட்டான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை."

"எத்தனை வருஷமாச்சுங்க?" என்றேன்.

"ரொம்ப வருஷம் ஆச்சும்மா. கரண்ட் போனா பேட்டரியில ஓடும். இன்னிக்கு வரைக்கும் நான் ஆஃப் பண்ணலை." என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "பொண்ணு வீட்டுல இதுக்கு இடமில்லைங்கறா. அணைக்காம எடுத்துட்டுப் போக முடியுமா தம்பி?"

என் வீட்டுக்காரர் கண் திரை மேலும் இல்லை, அந்த அம்மா மேலும் இல்லை. பெட்டியில் செருகியிருந்த கேசட்டிலேயே இருந்தது. எங்கேயும் கிடைக்காத கேசட் என்று வரும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்திருந்தார்.

"முடியும்மா" என்றார். "இந்த நொடியை அப்படியே என் லேப்டாப்புக்குள்ள இறக்கிடுவேன். இனி கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். உங்க பையன் எந்தக் காலத்துக்கும் இருப்பான்."

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவரே பற்றவைத்துச் செய்த ஒரு சர்க்யூட் பலகையைப் பெட்டியில் மாட்டி, ஒயர்களை இழுத்து, வெகுநேரம் வேலை பார்த்தார். லேப்டாப்பில் அதே முள் பள்ளம், அதே சிவப்புச் சட்டை வந்து நின்றது. அவர் பெட்டிக்கும் டிவிக்கும் பொதுவான ஸ்விட்சில் விரல் வைத்தார்.

"உள்ள வந்துட்டானா தம்பி?"

"வந்துட்டான்மா."

டிக்.

டிவிப் படம் சுருங்கி, ஒரு புள்ளியாகி, மறைந்தது. ரீங்காரம் நின்றது.

பாத்ரூமில் கனமாக ஏதோ விழுந்தது.

மூன்று பேருக்கும் கேட்டது. "பக்கெட்டா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் திறந்தார். நிறுத்தி வைத்த ஆட்டத்தை ஓடவிட்டார். சிவப்புச் சட்டைக்காரன் பள்ளத்தைத் தாண்டி இறங்கினான். அந்த ஆட்டத்தில் வலப்பக்கம்தான் ஓட முடியும், அப்படித்தான் செய்திருக்கிறார்களாம். இவன் இடப்பக்கம் திரும்பினான். வந்த வழியே நடந்தான். திரையின் ஓரத்துக்குப் போய்ச் சுவரைத் தடவுவது மாதிரி மேலும் கீழும் அலைந்தான்.

"நான் எந்தப் பட்டனையும் தொடலை" என்றார் என் வீட்டுக்காரர். அவர் முகத்தில் பயமில்லை. பண்டம் கிடைத்த சந்தோஷம்.

பட்டனை அழுத்திப் பார்த்தார். அவன் திமிறினான். விடாமல் அழுத்தினார். பள்ளத்தின் விளிம்புவரை இழுத்து வந்து உள்ளே தள்ளினார். முள்ளில் விழும்போது ஆட்டத்தில் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். அன்றைக்கு வந்தது அந்தச் சத்தமில்லை. நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். மூடிய கதவுக்குப் பின்னால் வாயைத் திறக்க முடியாமல் வலியில் வரும் முனகல் எனக்குத் தெரியும்.

சேமித்த நொடியைத் திரும்பத் திறந்தார். சிவப்புச் சட்டைக்காரன் மறுபடி பள்ளத்துக்கு மேலே. இறங்கியதும் அவன் ஓடவில்லை. கைகளால் தலையை மூடிக்கொண்டு குந்தினான்.

"இங்க பாரு, இங்க பாரு!" என்று என்னைப் பிடித்து இழுத்தார். "இது நடக்கவே நடக்காது. நான் திறக்கிறது பழைய நொடி. இப்ப விழுந்தது அவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"என்னங்க, மூடிடுங்க."

அவர் மூடவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அவர் ஆபீசுக்குப் போகிற மாதிரி ஒழுங்காக அதைச் செய்தார். முள், நெருப்பு, ரம்பம், ஆழமான தண்ணீர். ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்துப் பழைய கேம் பிரியர்கள் கூடும் ஒரு தளத்தில் போட்டார். 'பயப்படத் தெரிந்த பொம்மை' என்று தலைப்பு. பார்க்கிறவர்கள் கேட்கக் கேட்கச் செய்தார். "தண்ணியில மெதுவா இறக்குங்க ப்ரோ" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். இவர் மெதுவாக இறக்கினார். நான் சோற்றுத் தட்டோடு வாசலில் நின்று பார்த்தேன். லேப்டாப்பைப் பிடுங்கப் போனேன். என் மணிக்கட்டைத் திருகி விட்டார். கல்யாணமாகி அதுவரை அவர் என் மேல் கை வைத்ததில்லை.

அந்த அம்மா எனக்குப் போன் பண்ணினார். "அவன் அங்கே நல்லா இருக்கானாம்மா? என்னைக் கூப்பிடற மாதிரியே இருக்கு. அழுதுட்டுக் கூப்பிடற மாதிரி."

"நீங்களே வந்து பாருங்கம்மா" என்றேன்.

மகளுக்குத் தெரியாமல் வந்தார். என் வீட்டுக்காரர் உபசாரமாக நாற்காலி போட்டார். ஆட்டத்தைத் திறந்தார். சிவப்புச் சட்டைக்காரன் இறங்கினான், வழக்கம்போலக் குந்தினான். பிறகு தலையைத் தூக்கினான். எழுந்து, திரைக் கண்ணாடியை ஒட்டி வந்து நின்றான். அந்த அம்மா கையை நீட்டினார்.

"அந்த லேப்டாப்பை இப்படிக் குடுங்க தம்பி."

அவருக்கு விளையாடத் தெரிந்திருந்தது. பையன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்துப் பழகியிருப்பார். அவர் விரல் பட்டதும் அவன் ஓடினான். முள்ளைத் தாண்டினான். நெருப்பைத் தாண்டினான். கடைசியில் ஒரு கதவு. அது திறந்தது. அவன் உள்ளே போனான். திரை வெறுமையானது.

"போயிட்டான்" என்றார் அந்த அம்மா. முகம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. என் கன்னத்தைத் தடவிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எதுக்கு அழற? ஃபைல் அப்படியேதான் இருக்கு."

திறந்தார்.

முள் பள்ளம். அந்தரத்தில் சிவப்புச் சட்டை.

அவன் இறங்கினான். சுற்றுமுற்றும் பார்த்தான். கதவைத் தாண்டிப் போனவன், மறுபடி பள்ளத்தின் முன்னால் நிற்கிறான்.

அவர் போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டார். அந்த அம்மாதான். இன்னும் தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டார்.

"ஏன் தம்பி அவனைத் திரும்பக் கூப்பிட்டீங்க?"

இவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அன்று சாயங்காலம் அந்த நொடியையே பொதுவில் போட்டுவிட்டார், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று. ஆயிரக்கணக்கான பேர் இறக்கினார்கள். பெருமை தாங்காமல் எண்ணிக்கையை எனக்குப் படித்துக் காட்டினார்.

காலையில் காபி கொண்டுபோனபோது லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கூப்பிட்டேன்.

தோளைத் தொட்டேன். உடம்பு சூடாக இருந்தது. மூச்சு வந்தது. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

திரையில் இரண்டு பேர் இருந்தார்கள். சிவப்புச் சட்டைக்காரன் ஓரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பள்ளத்துக்கு மேலே, அந்தரத்தில், புதிதாக ஒருத்தன். இறங்கியதும் அவன் ஒரு கையைத் தூக்கி மூக்குக்கு மேல் எதையோ ஏற்றிவிட்டுக்கொண்டான். வழுக்கிக்கொண்டே இருக்கும் தன் கண்ணாடியை என் வீட்டுக்காரர் அப்படித்தான் ஏற்றிவிட்டுக்கொள்வார்.

சிவப்புச் சட்டைக்காரன் எழுந்தான். நிதானமாக அவன் பின்னால் போய் நின்றான்.

தள்ளினான்.

நாற்காலியில் இருந்த உடம்பு தூக்கிப்போட்டது. வாயோரம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் பண்ணிவிட்டார்கள். மூளையில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை. கண் காயாமல் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உடம்பு மட்டும் அவ்வப்போது தூக்கிப்போடும். நான் லேப்டாப்பை உடைத்துக் குப்பையில் போட்டேன். தூக்கிப்போடுவது நிற்கவில்லை.

"விசித்திரமா இருக்குக்கா" என்றாள் வார்டு நர்ஸ். "காலையில கொஞ்சம் பரவாயில்லை. ஸ்கூல் விடற நேரத்துக்கு மேல தாங்க முடியறதில்லை. லீவு நாள்ல கட்டிலோட கட்டி வைக்க வேண்டியிருக்கு."

எனக்குப் புரிந்தது. அந்தத் தளத்தில் போய்ப் பார்த்தேன். 'புதுசா வந்திருக்கிறவன் இன்னும் நல்லாக் கத்துறான்' என்று ஆட்டத்தை இறக்கியவர்கள் எழுதியிருந்தார்கள். விளையாடுகிறவர்கள் யார் முகமும் தெரியாது. கைகூப்பிக் கேட்பதற்கு முகவரி கிடையாது.

அந்த அம்மாவைத் தேடிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனேன். காலில் விழுந்தேன். "நீங்க சொன்னா அவன் கேப்பான். என் புருஷனை விட்டுடச் சொல்லுங்கம்மா."

அவர் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். குரல் அன்பாகத்தான் இருந்தது.

"இப்பல்லாம் அழுகைச் சத்தம் கேக்கறதில்லம்மா" என்றார். "சிரிக்கிறான். எத்தனை வருஷம் கழிச்சுக் கேக்கறேன் தெரியுமா? அதை எப்படிம்மா நான் நிறுத்தச் சொல்லுவேன்?"

வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். கேன்டீனில் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது அந்த இசை கேட்டது. மெலிசான, கீச்சென்ற, பழைய கேம் இசை. என் வீட்டுக்காரரின் கால்கள் உதறிக்கொண்டிருந்தன.

பக்கத்துக் கட்டில் பெரியவரின் மருமகன் போனை நோண்டிக்கொண்டிருந்தார். அவர் கட்டைவிரல் அழுந்தும். இங்கே கால் உதறும்.

"அண்ணா, தயவுசெஞ்சு அதை நிறுத்துங்க."

"சத்தம் ஜாஸ்தியா இருக்காக்கா? குறைச்சிடறேன்." நல்ல மனிதர்தான். பொழுதுபோகாமல் உட்கார்ந்திருக்கிறார். "இது செம தமாஷ்க்கா, பாருங்களேன். நேத்து வரைக்கும் ரெண்டே பேர்தான் இருந்தாங்க. இன்னிக்கு மூணாவதா ஒரு பொம்பளை. யாரு சேர்த்துவிட்டாங்களோ."

போனை என் பக்கம் திருப்பினார்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம், திரையின் ஓரத்தில், ஒரு பெண் உருவம் நின்றிருந்தது. ஓடவில்லை, தாவவில்லை. கையில் ஏதோ தொங்கியது. சிவப்புச் சட்டைக்காரன் என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பியிருந்தான்.

ஃபிளாஸ்க்கை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினேன்.

அவளும் மாற்றினாள்.